கண்மாய் தூர்வாரும் பொக்லைன்: பாதுகாப்பான இயக்கமும் பராமரிப்பும்

பொக்லைன் என்பது பிரான்ஸ் நாட்டு நிறுவனம் ஒன்றின் பெயர். நம் ஊரில் அது ஹைட்ராலிக் எக்ஸ்கவேட்டர் எல்லாவற்றுக்கும் பொதுப்பெயராகிவிட்டது. சில மாவட்டங்களில் அதே வண்டியை ஜப்பானிய நிறுவனத்தின் பெயரால் ஹிட்டாச்சி என்கிறார்கள். கோடையில் ஏரிகளிலும் கண்மாய்களிலும் வண்டல் அள்ள இறங்குபவை பெரும்பாலும் 20 டன் வகுப்பைச் சேர்ந்த செயின் வண்டிகள். அவற்றை இயக்குபவர்களுக்காகவும், சொந்தமாக வாங்கி வாடகைக்கு விடுபவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். முதலில் ஆபரேட்டராகவும் பின்னர் சர்வீஸ் மெக்கானிக்காகவும் வேலை பார்த்ததில் நான் உறுதியாக உணர்ந்தது ஒன்று உண்டு: ஆளையும் வண்டியையும் கெடுப்பவை பெரும்பாலும் ஆபரேட்டர் இருக்கையிலிருந்து கண்ணுக்குத் தெரியாதவை. ஆகவே இருக்கையில் ஏறுவதற்கு முன்பே வேலை தொடங்கிவிடுகிறது.

காலையிலும், சாப்பாட்டுக்குப் பிறகும், வண்டியை ஒரு முறை முழுதாகச் சுற்றி வர வேண்டும். இதை எந்தக் காரணத்துக்காகவும் விட்டுவிடக் கூடாது. வறண்ட கண்மாயின் நடுவில் மே மாத வெயிலில் நிழல் என்று இருப்பது வண்டியின் நிழல் மட்டுமே. ஒருநாள் மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து ஹாரன் அடித்தேன், யாரும் எழுந்திருக்கவில்லை. இருந்தும் பழக்கத்தால் இறங்கிச் சுற்றி வந்தபோது, பின்பக்க எடைக் கட்டைக்குக் கீழே, செயினை ஒட்டி, முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவர் படுத்திருந்தார். அவருடைய தொரட்டிக் கம்பு ரோலரில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. அவருக்குக் காது கேட்காது என்பது எழுப்பிய பிறகுதான் தெரிந்தது. ஹாரன் அவசியம்தான், ஆனால் அது நம் கால் நடையாகச் சுற்றி வருவதற்கு ஈடாகாது.

அப்படிச் சுற்றி வரும்போதே மற்றவற்றையும் பார்த்துவிடலாம். வண்டிக்கு அடியில் மண்ணில் எண்ணெய்ச் சொட்டு விழுந்திருக்கிறதா, ஸ்ப்ராக்கெட் (செயினைச் சுழற்றும் பல்சக்கரம்) பக்கம் கசிவு இருக்கிறதா, செயின் ஷூ போல்ட் தளர்ந்திருக்கிறதா, பக்கெட் பல் ஏதாவது காணாமல் போயிருக்கிறதா, மூட்டுகளை இணைக்கும் இரும்புப் பின்களின் பூட்டு போல்ட் இடத்தில் இருக்கிறதா என்று கவனிக்க வேண்டும். இன்ஜின் ஆயிலையும் கூலன்ட்டையும் இன்ஜின் ஆறியிருக்கும்போதே பார்க்க வேண்டும். சூடான ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். டீசல் டேங்கின் அடியிலும் வாட்டர் செபரேட்டரிலும் தேங்கிய தண்ணீரைத் திறந்துவிட வேண்டும். டேங்கை மாலையிலேயே நிரப்பி வைத்தால், இரவுக் குளிரில் டேங்குக்குள் ஈரம் படிவது குறையும்.

ஹைட்ராலிக் ஆயில் அளவைப் பார்ப்பதில் பலர் தவறு செய்கிறார்கள். சிலிண்டர்கள் நீண்டிருக்கும்போது டேங்கில் எண்ணெய் குறைவாகவும், சுருங்கியிருக்கும்போது அதிகமாகவும் தெரியும். ஆகவே ஒவ்வொரு நிறுவனமும் பார்ப்பதற்கென்று ஒரு நிலையைக் குறித்துள்ளது: ஒன்றில் ஆர்ம் (பக்கெட்டைத் தாங்கும் முன்கை) சிலிண்டரையும் பக்கெட் சிலிண்டரையும் சுருக்கி வைக்கச் சொல்வார்கள், வேறொன்றில் பக்கெட் சிலிண்டரை முழுதாக நீட்டச் சொல்வார்கள். உங்கள் வண்டியின் கையேட்டில் அல்லது டேங்க் அருகே ஒட்டியிருக்கும் படத்தில் உள்ள நிலையில் நிறுத்திப் பார்த்தால் மட்டுமே டேங்கிலுள்ள அளவுக் கண்ணாடி சொல்லும் அளவு உண்மையானது. எண்ணெய் பால் போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்துள்ளது. கறுத்துக் கருகிய வாடை அடித்தால் அளவுக்கு மீறிச் சூடாகியிருக்கிறது.

இருக்கையில் அமர்ந்த பின்

ஏறும்போது வண்டியைப் பார்த்தபடி, இரண்டு கையும் ஒரு காலுமோ இரண்டு காலும் ஒரு கையுமோ எப்போதும் பிடிப்பில் இருக்குமாறு ஏற வேண்டும். சீட் பெல்ட் போடாதவர்கள் நம்மிடையே மிக அதிகம். வண்டி கவிழும்போது வெளியே குதித்துத் தப்பிக்கலாம் என்ற எண்ணம் ஆபத்தானது. குதிப்பவர் மீதுதான் கேபின் விழுகிறது.

புதிய வண்டியில் அமர்ந்தால் லீவர் அமைப்பை முதலில் சோதித்துப் பாருங்கள். இன்று பெரும்பாலான வண்டிகளில் இடது லீவர் ஆர்மையும் சுழற்சியையும், வலது லீவர் பூமையும் (வண்டியோடு இணைந்த பெரிய கை) பக்கெட்டையும் இயக்கும். சில வண்டிகளில் பூமும் ஆர்மும் கை மாறியிருக்கும். பழகிய கை யோசிப்பதற்கு முன்பே அசைந்துவிடும் என்பதால், ஆள் இல்லாத இடத்தில் மெதுவாக ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்த பிறகே வேலையில் இறங்க வேண்டும். அதைவிடப் பெரிய குழப்பம் வண்டியை நகர்த்தும் டிராவல் பெடலில் உண்டு. ஸ்ப்ராக்கெட் பின்னால் இருக்கும் வரைதான் முன்னே தள்ளினால் வண்டி முன்னே போகும். மேல்பகுதியைச் சுழற்றி ஸ்ப்ராக்கெட் முன்பக்கம் வந்துவிட்டால் எல்லாமே தலைகீழாகும். பின்வாங்க நினைப்பவர் பள்ளத்துக்குள் போய்விடுவார். நகர்த்துவதற்கு முன் ஸ்ப்ராக்கெட் எங்கே இருக்கிறது என்று எட்டிப் பாருங்கள்.

கேபின் இடப்பக்கம் இருப்பதால் வலப்புறமும் பின்புறமும் தெரியாது. வண்டி சுழலும்போது எடைக் கட்டையின் பின்விளிம்பு மையத்திலிருந்து சுமார் 2.75 மீட்டர் தூரம் வரை வீசி வரும். அந்த வட்டத்துக்குள் ஹெல்பர் உட்பட எவரும் நிற்கக் கூடாது. ஏதாவது எடுக்க வர வேண்டுமென்றால், எதிரே வந்து ஆபரேட்டரின் கண்ணைப் பார்த்துக் கை காட்ட வேண்டும். ஆபரேட்டர் பக்கெட்டைத் தரையில் வைத்து, சேஃப்டி லீவரை (மற்ற லீவர்கள் வேலை செய்யாமல் தடுப்பது) பூட்டிய பிறகே அவர் நெருங்க வேண்டும். டிப்பரில் மண் போடும்போது பக்கெட்டை டிரைவர் கேபினுக்கு மேலாகக் கொண்டு போகாமல், பின்பக்கமாகச் சுழற்றிப் போட வேண்டும். பக்கெட்டில் ஆளை நிற்க வைத்துத் தூக்குவது எந்தச் சூழலிலும் கூடாது.

கரை, சேறு, மின்கம்பி

பள்ளத்தின் விளிம்பில் வேலை செய்யும்போது செயின் விளிம்புக்கு இணையாக அல்லாமல் செங்குத்தாக இருக்க வேண்டும். ஸ்ப்ராக்கெட் பின்னால் இருக்க வேண்டும். மண் சரியத் தொடங்கினால் இரண்டு பெடலையும் ஒரே நேரத்தில் இழுத்து நேராகப் பின்வாங்கிவிடலாம். வண்டி நிற்கும் இடத்துக்கு அடியிலேயே குடைந்து தோண்டக் கூடாது. கரிசல் மண் கோடையில் ஆழமாக வெடித்திருக்கும். மேலே உறுதியாகத் தெரிந்தாலும் வெடிப்போடு சேர்ந்து பெரிய பாளமாக ஒரே நொடியில் சரிந்துவிடும். செம்மண் உதிர்ந்து எச்சரிக்கும், கரிசல் எச்சரிக்காது. கண்மாய்க் கரையின் அடிவாரத்திலும் மடையை ஒட்டியும் மண் அள்ளுவது வண்டிக்கு மட்டுமல்ல, மழைக்காலத்தில் ஊருக்கே ஆபத்து: அடிவாரம் பலவீனமானால் நீர் ஊறிக் கரை உடையும்.

சரிவில் ஏறும்போதும் இறங்கும்போதும் பக்கெட்டைத் தரையிலிருந்து 20 முதல் 30 சென்டிமீட்டர் உயரத்தில், போகும் திசையில் வைத்துக்கொண்டு நேராகச் செல்ல வேண்டும். வழுக்கினால் பக்கெட்டை உடனே ஊன்றிக்கொள்ளலாம். சரிவில் குறுக்கே திரும்புவதும், நிறைந்த பக்கெட்டைத் தாழ்வான பக்கம் சுழற்றுவதும் வண்டியைக் கவிழ்க்கும்.

தண்ணீர் மேல் ரோலரின் (செயினின் மேல்பகுதியைத் தாங்கும் உருளை) நடுப்பகுதியைத் தாண்டும் ஆழத்தில் வண்டியை இறக்கக் கூடாது. சேற்றில் புதைந்தால் செயினைச் சுழற்றிக்கொண்டே இருப்பது இன்னும் ஆழமாகப் புதைக்கும். பக்கெட்டை ஊன்றி ஒரு பக்கத்தைத் தூக்கி, பூம் இறங்கிவிடாமல் அப்படியே நிறுத்தி, செயினுக்குக் குறுக்காகப் பனந்தடிகளைப் போட்டு ஏற வேண்டும். தூக்கிய செயினுக்கு அடியில் எவரும் கையையோ காலையோ நுழைக்கக் கூடாது. தடியை நீண்ட கம்பால் தள்ளலாம். கம்பி வடத்தால் இழுக்க நேர்ந்தால், வடத்தின் நீளத்தைப் போல இரு மடங்கு தூரத்துக்கு ஆட்கள் விலகியிருக்க வேண்டும்.

மின்கம்பி பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. இந்திய மின்விதிகள் தெருவைக் கடக்கும் உயரழுத்தக் கம்பிக்குக் கேட்கும் குறைந்தபட்ச உயரம் 6.1 மீட்டர். 20 டன் வண்டியின் பக்கெட் பல் 9 முதல் 10 மீட்டர் வரை எட்டும். அதாவது பூமை முழுதாகத் தூக்க வேண்டியதே இல்லை, டிப்பரில் மண் போட்டுவிட்டுத் திரும்பும் சாதாரண அசைவிலேயே கம்பியைத் தொட்டுவிட முடியும். கரை மேல் வண்டி நின்றால் கம்பி இன்னும் நெருங்குகிறது. உயரழுத்தத்தில் தொடவே வேண்டியதில்லை, அருகில் போனாலே மின்சாரம் பாயும். கம்பிக்கு அடியில் வேலை இருந்தால் மின்வாரியத்திடம் சொல்லி மின்சாரத்தை நிறுத்திய பிறகே தொடங்குங்கள். மேலே பார்த்துக்கொள்வதற்கு மட்டுமே ஓர் ஆளை நியமியுங்கள்.

தொட்டேவிட்டால் இருக்கையிலேயே இருங்கள். யாரையும் நெருங்கவிடாமல் சத்தம் போடுங்கள். முடிந்தால் பூமை விலக்குங்கள். தீப்பிடித்து இறங்கியே ஆக வேண்டும் என்ற நிலை வந்தால் மட்டும், வண்டியையும் தரையையும் ஒரே நேரத்தில் தொடாமல், இரண்டு காலையும் சேர்த்து வைத்துக் குதித்து, கால்கள் பிரியாமல் சிறு சிறு நகர்வாக விலகிச் செல்ல வேண்டும். எட்டி நடந்தால் ஒரு காலுக்கும் மறுகாலுக்கும் இடையிலேயே மின்சாரம் பாயும்.

எண்ணெயின் அழுத்தம்

இந்த வண்டிகளின் ஹைட்ராலிக் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 350 கிலோ வரை போகிறது. 120 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு பிஸ்டனின் பரப்பு சுமார் 113 சதுர சென்டிமீட்டர். இரண்டையும் பெருக்கினால் ஒற்றைச் சிலிண்டர் 39 டன் விசையோடு தள்ளுகிறது என்று புரியும். அதே அழுத்தம் ஹோஸில் விழுந்த ஊசித்துளை வழியே வெளிவரும்போது அது ஊசியைவிடக் கொடியது. கண்ணுக்குத் தெரியாத அந்தப் பீச்சல் கையுறையையும் தோலையும் துளைத்து உள்ளே புகும். வெளியே ஒரு சிறு புள்ளி மட்டும் தெரியும், முதலில் வலியும் அதிகம் இருக்காது. சில மணி நேரத்தில் உள்ளே சதை அழியத் தொடங்கி, தாமதித்தால் விரலையோ கையையோ எடுக்க வேண்டி வரும். ஆகவே கசிவைக் கையால் தடவிப் பார்க்கவே கூடாது. அட்டைத் துண்டை நீட்டிப் பார்த்தால், ஈரம் பட்ட இடம் காட்டிக் கொடுத்துவிடும். ஊசித்துளை பட்டதாகச் சந்தேகம் இருந்தாலே அறுவைச் சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குப் போய், “அதிக அழுத்தத்தில் ஹைட்ராலிக் எண்ணெய் தோலுக்குள் புகுந்துவிட்டது” என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் முள் குத்திய காயம் என்று கட்டுப்போட்டு அனுப்பிவிடக்கூடும்.

ஹோஸையோ ஃபில்டரையோ கழற்றுவதற்கு முன் பக்கெட்டைத் தரையில் ஊன்றி, இன்ஜினை நிறுத்தி, சாவியை ஆன் நிலையில் வைத்து, சேஃப்டி லீவரை விடுவித்து, எல்லா லீவர்களையும் நான்கு பக்கமும் சில முறை அசைத்து அழுத்தத்தை இறக்க வேண்டும். பின்னர் டேங்கின் காற்றழுத்தத்தையும் மெதுவாக விடுவிக்க வேண்டும்.

செயின் இறுக்கமும் அழுத்தத்தோடு தொடர்புள்ளதுதான். அது கிரீஸ் அழுத்தத்தால் இறுக்கப்படுகிறது. தளர்த்தும்போது அந்த வால்வை ஒரு சுற்றுக்கு மேல் திருப்பக் கூடாது, முகத்தை அதற்கு நேராக வைக்கவும் கூடாது. வால்வே துப்பாக்கிக் குண்டு போல வெளியேறும். சேற்று நிலத்தில் செயினைச் சற்றுத் தளர்வாகவும் கெட்டித் தரையில் கையேட்டு அளவிலும் வைப்பது தேய்மானத்தைக் குறைக்கும்.

பராமரிப்பு

எண்ணெயில் கலக்கும் தூசிதான் பம்பின் முதல் எதிரி. நம் கண்ணுக்குத் தெரியும் மிகச் சிறிய துகள் சுமார் 40 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). பம்புக்குள்ளும் வால்வுக்குள்ளும் உள்ள இடைவெளிகளோ அதைவிடக் குறுகியவை. கண்ணுக்குச் சுத்தமாகத் தெரியும் எண்ணெய் சுத்தமானதாக இருக்க வேண்டியதில்லை என்பதுதான் இதன் பொருள். கண்மாய்க்குள் காற்றும் புழுதியும் வீசும்போது டேங்க் மூடியைத் திறந்து, டீசல் ஊற்றிய அதே கேனில் எண்ணெயை ஊற்றுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன், ஒவ்வொரு முறையும் மனம் பதறுகிறது. மூடியைச் சுற்றித் துடைத்துவிட்டு, சீல் உடைக்காத கேனிலிருந்து மட்டும் ஊற்றுங்கள். கழற்றிய ஹோஸ் முனைகளை மூடியால் அடையுங்கள்; சாக்குத் துணியைத் திணித்தால் அதன் நாரே உள்ளே போய்விடும்.

பக்கெட் பின்களுக்குத் தினமும் கிரீஸ் அடித்து, பழைய கிரீஸ் வெளியே வரும்வரை தொடர வேண்டும். தண்ணீரில் வேலை செய்த நாளில் இடையிலும் அடிக்க வேண்டும். சீமைக் கருவேல வேரும் நைலான் வலையும் ஸ்ப்ராக்கெட் பக்கம் சுற்றிக்கொண்டு சீலை அறுத்துவிடும் என்பதால் மாலையில் அவற்றை வெட்டி எடுங்கள். காய்ந்த புல் டர்போவுக்கும் சைலன்சருக்கும் அருகில் சேர்ந்தால் தீப்பிடிக்கும். ஏர் ஃபில்டரை எச்சரிக்கை விளக்கு எரிந்த பிறகு திறந்தால் போதும், அடிக்கடி திறப்பதே தூசியை உள்ளே விடும். ஃபில்டரை அழுத்தக் காற்றால் சுத்தம் செய்யும்போது உள்ளிருந்து வெளியே அடிக்க வேண்டும்.

மாற்ற வேண்டிய நேரங்களை ஹவர் மீட்டர்தான் சொல்ல வேண்டும். மாதக் கணக்கு உதவாது. பொதுவாக இன்ஜின் ஆயிலுக்கு 250 முதல் 500 மணி, ஹைட்ராலிக் ஃபில்டருக்கும் மேல்பகுதியைச் சுழற்றும் ஸ்விங் கியரின் ஆயிலுக்கும் 1000 மணி, டிராவல் கியர் ஆயிலுக்கு 2000 மணி. ஹைட்ராலிக் ஆயில் அதன் தரத்தைப் பொறுத்து 2000 முதல் 5000 மணி வரை உழைக்கும். உங்கள் வண்டியின் கையேடு வேறு அளவு சொன்னால் அதையே பின்பற்றுங்கள். பாறை உடைக்கும் பிரேக்கர் மாட்டியிருந்தால் ஹைட்ராலிக் ஆயில், ஃபில்டர் இரண்டின் காலமும் பாதிக்கும் கீழே போய்விடும்.

பக்கெட் பல்லின் பின்னைச் சுத்தியலால் அடிக்கும்போது பாதுகாப்புக் கண்ணாடி அணியுங்கள். கெட்டியேற்றிய இரும்பிலிருந்து தெறிக்கும் சில்லு கண்ணைப் பறிக்கும்.

மாலையில் நிறுத்தும்போது இன்ஜினை மூன்று முதல் ஐந்து நிமிடம் மெதுவாக ஓடவிட்டு டர்போவை ஆறவிடுங்கள். வண்டியைப் பள்ளத்தில் விடாமல் மேட்டிலுள்ள கெட்டித் தரைக்கு ஏற்றி, பக்கெட்டைத் தரையில் ஊன்றி, சாவியை எடுத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி மழை தொடங்கி வேலை நின்ற பிறகு நீண்ட நாள் நிறுத்தி வைப்பதானால், வெளியே நீண்டிருக்கும் சிலிண்டர் கம்பிகளில் கிரீஸ் தடவுங்கள். மாதம் ஒரு முறை அந்தக் கிரீஸைத் துடைத்துவிட்டு இன்ஜினை முடுக்கி, எல்லாச் சிலிண்டர்களையும் முழு நீளத்துக்கும் சில முறை அசைத்து, மீண்டும் புதுக் கிரீஸ் தடவி நிறுத்துங்கள். துடைக்காமல் இயக்கினால் அதில் ஒட்டியிருக்கும் மணல் நேராக சீலுக்குள் போகும்.