தொட்டிச் செடிக்குக் கடலைப் புண்ணாக்குக் கரைசல்

தரையில் நிற்கும் கத்தரிச் செடியை ஒரு மாதம் கவனிக்காமல் விட்டாலும் வேரை நீட்டித் தனக்கு வேண்டியதைத் தேடிக்கொள்ளும். மாடியில் தொட்டிக்குள் இருக்கும் செடிக்கு அந்த வழி இல்லை. தொட்டி மண்ணில் கலக்கும் தென்னை நார்க்கழிவு ஈரத்தைப் பிடித்து வைக்குமே தவிர, அதில் சத்து அதிகம் கிடையாது. இருக்கும் கொஞ்சமும் தினமும் ஊற்றும் தண்ணீரோடு அடி ஓட்டை வழியாக வடிந்துவிடும். அதனால் தொட்டிக்கு உரத்தைக் கொஞ்சமாக, நீர்க்கக் கரைத்து, அடிக்கடி கொடுக்க வேண்டும்.

என் மாடியில் தக்காளி, கத்தரி, வெண்டை, மிளகாய், ஓரத்துப் பந்தலில் புடலை. எல்லாவற்றுக்கும் நான் முதலில் நம்புவது கடலைப் புண்ணாக்கைத்தான். அதில் இலை, தண்டை வளர்க்கும் தழைச்சத்து (நைட்ரஜன்) ஏறத்தாழ 7 சதவீதம் இருக்கிறது. செக்கு எண்ணெய் ஆட்டும் இடத்திலோ மாட்டுத் தீவனக் கடையிலோ கிடைக்கும். கலப்புத் தீவனம் வேண்டாம், வெறும் கடலைப் புண்ணாக்கு என்று கேட்டு வாங்குங்கள்.

100 கிராம் புண்ணாக்கை உடைத்து, பிளாஸ்டிக் வாளியில் 1 லிட்டர் தண்ணீர் ஊற்றி ஊறப் போடுங்கள். மூடி போட்டு இறுக்காமல் பழைய வேட்டித் துணியால் வாயைக் கட்டி நிழலில் வையுங்கள். காலையும் மாலையும் குச்சியால் நன்றாகக் கிளறிவிட வேண்டும். இரண்டாம் நாள் மேலே நுரை கட்டும், புளித்த வாடை வரும். மூன்றாம் நாள் எடுத்துவிடுங்கள். அதற்கு மேல் விட்டால் நாற்றம் பக்கத்து வீடு வரை போகும். வடிகட்டி, மொத்தம் 10 லிட்டர் ஆகும்வரை தண்ணீர் சேர்த்தால் கரைசல் தயார். சக்கையைத் தொட்டியின் மேல் போட்டால் பூஞ்சணம் பிடிக்கும், எறும்பு வரும். மக்கு உரத் தொட்டியில் போட்டுவிடுங்கள்.

ஊற்றுவதிலும் ஒரு முறை இருக்கிறது. காய்ந்த மண்ணில் உரம் ஊற்றவே கூடாது, வேர் கருகும். முதலில் வெறும் தண்ணீர் விட்டு மண் நனைந்த பிறகு, வெயில் சாய்ந்த நேரத்தில், தண்டை ஒட்டாமல் தொட்டியின் ஓரமாகச் சுற்றி ஊற்றுங்கள். வளர்ந்த செடிக்கு அரை லிட்டர், 10 நாளுக்கு ஒருமுறை போதும். நாற்று நட்டு வேர் பிடிக்கும்வரை, அதாவது இரண்டு மூன்று வாரம், இந்தப் பக்கமே போக வேண்டாம்.

செடி கரும்பச்சையாகத் தழைத்து நிற்கிறது, பூவைக் காணோம் என்றால் தழைச்சத்து கூடிவிட்டது என்று அர்த்தம். புண்ணாக்கை நிறுத்திவிட்டு, சலித்த விறகுச் சாம்பல் ஒரு ஸ்பூன் மண்ணில் கிளறிவிடுங்கள். அதில் சாம்பல் சத்து (பொட்டாசியம்) உண்டு, ஆனால் அடிக்கடி போட்டால் மண்ணில் காரத்தன்மை ஏறும். பூக்கும் பருவத்துக்கு நான் தெளிப்பது தேமோர் கரைசல். புளித்த மோர் 1 லிட்டரோடு ஒரு தேங்காயின் பாலைக் கலந்து ஒரு வாரம் புளிக்க விட்டு, நன்றாக வடிகட்டி, லிட்டர் தண்ணீருக்கு 50 மில்லி. பஞ்சகவ்யாவும் நல்லதுதான், லிட்டருக்கு 30 மில்லி. ஆனால் நகரத்தில் பசுஞ்சாணத்துக்கும் கோமியத்துக்கும் எங்கே போவது?

முட்டை ஓட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அப்படியே நொறுக்கிப் போட்டால் மாதக்கணக்கில் மண்ணில் சும்மா கிடக்கும். காயவைத்து மிக்ஸியில் மாவாக அரைத்து, தொட்டி நிரப்பும்போதே மண்ணோடு கலந்துவிடுங்கள். தக்காளியின் அடி கறுத்து அழுகினால் உடனே முட்டை ஓட்டைத் தேடாமல், தண்ணீரைச் சீராக ஊற்றுகிறோமா என்று பாருங்கள். ஒருநாள் காயவிட்டு மறுநாள் வெள்ளமாக ஊற்றினால் மண்ணில் இருக்கும் சுண்ணாம்புச் சத்தும் காய்க்குப் போய்ச் சேராது.

வாழைப்பழத் தோலைப் பச்சையாகப் புதைக்காதீர்கள், ஈ மொய்க்கும். மக்க வைத்துப் போடுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் கரைசல் எல்லாம் வீண், ஊற்றியது அன்றே வடிந்துவிடும். அப்போது தொட்டிக்கு இரண்டு கைப்பிடி மண்புழு உரமும் ஒரு ஸ்பூன் வேப்பம் புண்ணாக்குத் தூளும் மேல்மண்ணில் கிளறிவிட்டு, மழை விட்ட பிறகு கரைசலுக்குத் திரும்பலாம்.