ஹாட் யோகா: முதல் வகுப்புக்குப் போகிறவர்களுக்குப் படிப்படியான வழிகாட்டி

ஹாட் யோகாவுக்கு (சூடாக்கிய அறையில் செய்கிற யோகா) முதல் தடவை போகப் போகிறவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "மயக்கம் வந்துடுமா?" என்பதுதான். தலை கிறுகிறுக்கலாம், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் நான் பார்த்த வரையில், அப்படிக் கிறுகிறுத்தவர்களில் பாதிப் பேர் முந்தின நாள் சரியாகத் தண்ணீர் குடிக்காதவர்கள், மீதிப் பேர் உட்கார வேண்டிய நேரத்தில் வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராமல் நின்றவர்கள். இரண்டுமே நம் கையில் இருக்கிற விஷயம். அதனால்தான் இதை உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் இருப்பது டொராண்டோவில், ஸ்கார்பரோ பக்கம். வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு சின்ன ஸ்டுடியோ. மூன்று குளிர்காலமாக வாரத்துக்கு மூன்று நாள் போகிறேன், ஜனவரியில் வெளியே மைனஸ் 15 இருக்கும்போதும்.

இது என்ன மாதிரி யோகா?

சூடாக்கிய அறையில் செய்கிற எல்லாவற்றுக்கும் ஹாட் யோகா என்றுதான் பெயர், அதனால் ஸ்டுடியோவுக்கு ஸ்டுடியோ மாறும். பழைய வடிவம் பிக்ரம் யோகா. கொல்கத்தாவில் பிஷ்ணு சரண் கோஷ் என்ற உடற்பயிற்சி ஆசானிடம் கற்ற பிக்ரம் சௌத்ரி, 1970-களில் அமெரிக்கா போய்ப் பரப்பியது. அறை 40 டிகிரி, ஈரப்பதம் 40 சதவீதம், 90 நிமிடம், வரிசை மாறாத 26 பயிற்சிகள். முதலும் கடைசியும் மூச்சுப் பயிற்சி.

இந்த வரிசை தனக்கே சொந்தம் என்று அவர் உரிமை கோரினார். 2015-இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம், ஆசனங்களின் வரிசைக்குப் பதிப்புரிமை (காப்பிரைட்) கிடையாது என்று தீர்ப்பு சொல்லிவிட்டது. அடுத்த வருடமே, அவரிடம் சட்ட ஆலோசகராக வேலை செய்த பெண் தொடுத்த பாலியல் துன்புறுத்தல் வழக்கில், 60 லட்சம் டாலருக்கு மேல் இழப்பீடு தர வேண்டும் என்று லாஸ் ஏஞ்சலஸ் ஜூரி சொன்னது. அதற்கப்புறம் நிறைய ஸ்டுடியோக்கள் அவர் பெயரையே பலகையிலிருந்து எடுத்துவிட்டன. இப்போது அட்டவணையில் "26-2" (26 பயிற்சி, அதில் 2 மூச்சுப் பயிற்சி) என்று இருந்தால் அது இந்த வரிசைதான். கொஞ்சம் மென்மையான வகைகளும் உண்டு. இங்கே டொராண்டோவில் 2004-இல் ஆரம்பித்து, இப்போது மோடோ (Modo) என்ற பெயரில் நடக்கிற மோக்‌ஷா யோகா அந்த மாதிரி. பல இடங்களில் 60 நிமிட கிளாஸும் இருக்கிறது. முதல் தடவைக்கு 60 நிமிடமே போதும்.

படி 1: டாக்டரிடம் கேட்க வேண்டியவர்கள்

இதய நோய், இரத்த அழுத்தம், சர்க்கரை, வலிப்பு இருப்பவர்கள், நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுபவர்கள், கர்ப்பிணிகள், முன்பு வெயிலில் சுருண்டு விழுந்த அனுபவம் இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் போக வேண்டாம். காய்ச்சலாக இருந்தாலோ, வயிற்றுப்போக்காக இருந்தாலோ அன்றைக்கு யாருமே போகக் கூடாது.

படி 2: ஸ்டுடியோவை முதலில் கண்ணால் பாருங்கள்

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். சலுகை விலையைப் பார்த்து இணையத்தில் புக் பண்ணிவிட்டு நேராக யோகா விரிப்போடு (மேட்) போய் நிற்கிறார்கள். நானும் அப்படித்தான் முதலில் ஒரு இடத்துக்குப் போனேன் (பெயர் வேண்டாம்). பதினைந்தாவது நிமிடத்தில் கண் இருட்டிக்கொண்டு வந்ததும் கதவுப் பக்கம் நகர்ந்தேன். டீச்சர் மைக்கிலேயே, "யாரும் அறையை விட்டுப் போகக் கூடாது" என்றார். முப்பது பேர் திரும்பிப் பார்த்தார்கள். மறுபடி மேட்டுக்கு வந்து நின்றேன், நின்றே முடித்தேன், அன்றைக்கு சாயங்காலம் வரை தலைவலி. அதற்கப்புறம் எட்டு மாதம் யோகா பக்கமே போகவில்லை.

இப்போது போகிற இடத்தில் முதல் நாள் ரிசப்ஷனில் இருந்த பெண் என் பெயரைக் கேட்டு, முழங்கால், முதுகு, தோள் எங்கேயாவது வலி உண்டா என்று கேட்டு, அப்புறம் சொன்னார்: "இன்னைக்கு உங்களுக்கு ஒரே வேலைதான், அறைக்குள்ளே இருக்கிறது. படுத்தே இருந்தாலும் சரி. ரொம்ப முடியலைன்னா வெளியே வந்து இந்த பெஞ்சில் உட்காருங்க, நானே தண்ணி கொண்டு வரேன்." எனக்கு அந்த ஒரு பேச்சு போதுமாக இருந்தது.

அதனால் கிளாஸ் இல்லாத நேரமாகப் பார்த்து ஒரு நடை போய்விட்டு வாருங்கள், இரண்டே கேள்வி கேளுங்கள்: நடுவில் வெளியே போகலாமா? புதிதாக வருகிறவர்களுக்கு எந்த டீச்சரின் கிளாஸ் நல்லது? முதல் கேள்விக்கு "போகலாம்" என்று உடனே பதில் வரவில்லை என்றால் அந்த இடம் வேண்டாம், எவ்வளவு மலிவாக இருந்தாலும் சரி. குளியலறை சுத்தமாக இருக்கிறதா, அறையில் கெட்ட வாடை அடிக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். பல இடங்களில் புதியவர்களுக்கு ஒரு வாரமோ ஒரு மாதமோ அறிமுகக் கட்டணம் உண்டு. சில ஸ்டுடியோக்களில் வாரம் ஒருமுறை குறைந்த கட்டணத்தில் கிளாஸ் இருக்கும். கேட்டால்தான் சொல்வார்கள்.

படி 3: தண்ணீர், சாப்பாடு

என் பக்கத்து மேட்டில் வழக்கமாக ஒரு யாழ்ப்பாணத்து அக்கா வருவார், அறுபது வயதுக்கு மேல் இருக்கும். யாராவது புதிதாக வந்தால் அவர் கேட்பது ஒன்றுதான்: "நேற்றுத் தண்ணி வடிவாக் குடிச்சனீங்களோ?" இன்று அல்ல, நேற்று. கிளாஸுக்கு அரை மணி முன்னால் ஒரு லிட்டரை மடக் மடக்கென்று குடித்துவிட்டுப் போனால் முன்பக்கம் குனியும்போதெல்லாம் வயிற்றில் தளும்பும், அவ்வளவுதான் பலன். முந்தின நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்து வாருங்கள். சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் சரியாகக் குடிக்கிறீர்கள் என்று அர்த்தம்.

சாப்பிட்டு இரண்டரை, மூன்று மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். காலை கிளாஸ் என்றால் எழுந்ததும் ஒரு வாழைப்பழம் போதும். வெறும் வயிற்றோடு, முந்தின இரவும் சாப்பிடாமல் போவது பிரியாணி சாப்பிட்டுவிட்டுப் போவதைவிட மோசம்.

படி 4: பையில் என்ன?

மேட். அதன் மேல் முழு நீளத்துக்கு விரிக்க ஒரு டவல், இது இல்லாவிட்டால் இருபது நிமிடத்தில் கால் வழுக்கும். மேட்டும் டவலும் ஸ்டுடியோவிலேயே வாடகைக்குக் கிடைக்கும், முதல் நாளே வாங்கிச் செலவழிக்க வேண்டாம். முகம் துடைக்க நம் ஊர் ஈரிழைத் துண்டு ஒன்று. அம்மா ஈரோட்டிலிருந்து கொடுத்தனுப்பியதைத்தான் கொண்டு போகிறேன், தடித்த டர்க்கி டவலைவிட அது நன்றாக உறிஞ்சுகிறது, வீட்டுக்கு வந்து அலசிப் போட்டால் சீக்கிரம் காய்ந்தும் விடுகிறது. ஒரு லிட்டர் தண்ணீர். மாற்றுத் துணி, உள்ளாடை உட்பட.

உடுப்பு பற்றி நம் பெண்கள் நிறையத் தயங்குகிறார்கள். அறைக்குள் பலர் ஸ்போர்ட்ஸ் பிராவும் ஷார்ட்ஸுமாக இருப்பார்கள், நீங்களும் அப்படி இருக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. முழங்கால் வரை லெகிங்ஸ், உடம்போடு ஒட்டிய மெல்லிய டி-ஷர்ட் போதும். தொளதொள காட்டன் மட்டும் வேண்டாம், வியர்வையில் ஊறிக் கனத்துவிடும், குனிந்தால் முகத்தில் வந்து விழும். தாலிச் சங்கிலி, வளையல், வாட்ச் எல்லாவற்றையும் வீட்டிலேயே விட்டுவிட முடிந்தால் நல்லது, உலோகம் சூடேறும்.

படி 5: அறைக்குள்

இருபது நிமிடம் முன்னாடி போங்கள். செருப்பும் போனும் வெளியே. மேட்டைப் பின் வரிசையில், கதவுக்குப் பக்கத்தில் விரியுங்கள். அங்கே கொஞ்சம் காற்றும் வரும், முன்னால் இருப்பவரைப் பார்த்தும் செய்யலாம். 26-2 கிளாஸில் டீச்சர் செய்து காட்ட மாட்டார், வாயால் சொல்லிக்கொண்டே போவார், அதனால் பார்த்துச் செய்ய ஒருவர் வேண்டும். ஹீட்டருக்கு நேர் கீழே மட்டும் இடம் பிடிக்காதீர்கள்.

விரித்ததும் மல்லாந்து படுத்து ஐந்து நிமிடம் மூக்கால் மூச்சு விடுங்கள். முதல் நொடியில் ஈரக் காற்று மூக்குக்குள் கனமாக இறங்கும், "ஒன்றரை மணி நேரம் இதிலா?" என்று இருக்கும். உடம்பு இரண்டு மூன்று நிமிடத்தில் கொஞ்சம் சமாதானமாகும்.

படி 6: கிளாஸ்

எல்லா ஆசனத்தையும் இங்கே சொல்லப் போவதில்லை, புதியவர்கள் தடுமாறுகிற நான்கை மட்டும் சொல்கிறேன்.

ஆரம்பம் நின்றபடி மூச்சுப் பயிற்சி. விரல்களைக் கோத்து மோவாய்க்கு அடியில் வைத்துக்கொண்டு, மூக்கால் இழுக்கும்போது முழங்கைகளைக் காதுப் பக்கம் உயர்த்த வேண்டும். வாயால் விடும்போது தலை பின்னால் சாயும், முழங்கைகள் முன்னால் வந்து ஒட்டும். தோள் வலிக்கும். வலித்தால் முழங்கையைத் தாழ்த்திக்கொள்ளுங்கள், மூச்சுப் பயிற்சியை மட்டும் நிறுத்தாதீர்கள்.

பிறகு அர்த்த சந்திராசனம், உத்கடாசனம், கருடாசனம். கருடாசனத்தில் கையும் கையும், காலும் காலும் கொடி மாதிரிப் பின்ன வேண்டும், பின்ன வராவிட்டால் கையால் தோளைக் கட்டிக்கொண்டு நின்றால் போதும். இது முடிந்ததும் முதல் தண்ணீர் இடைவேளை. இரண்டு மிடறு, அதற்கு மேல் வேண்டாம். தாகம் தாங்கவில்லை என்றால் அதற்கு முன்னாலேயே குடியுங்கள், அதைத் தடுக்கிற டீச்சர் நல்ல டீச்சர் இல்லை.

அடுத்தது தண்டாயமான ஜானு சிரசாசனம். ஒற்றைக் காலில் நின்று, மற்ற காலின் பாதத்தை இரண்டு கையாலும் பிடித்து நீட்டுவது. இங்கேதான் முழங்கால் கெடுகிறது. நிற்கிற காலை "பூட்டு, பூட்டு" என்று டீச்சர் சொல்லிக்கொண்டே இருப்பார். பூட்டுவது என்றால் முழங்காலைப் பின்னால் தள்ளி வளைப்பது இல்லை, தொடைத் தசையை இறுக்கி முழங்கால் சில்லை மேலே தூக்குவது. கண்ணாடியில் பக்கவாட்டில் பாருங்கள், கால் வில் மாதிரிப் பின்னால் போனால் உடனே தளர்த்துங்கள். சூட்டில் தசை இளகி இருப்பதால் வழக்கத்தைவிட அதிகம் வளைய வரும், அதை நம்பி இழுத்தால் வலி அடுத்த நாள்தான் தெரியும். முதல் மாதம் பாதத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

தரையில் செய்பவற்றில் உஷ்ட்ராசனம். மண்டியிட்டு, இடுப்பில் கை வைத்து, பின்னால் சாய்வது. பலருக்கு இதில் குமட்டும், சிலருக்குக் காரணமே இல்லாமல் கண்ணீர் வரும். எனக்கும் ஒருநாள் வந்தது, பக்கத்து அக்கா ஒன்றும் கேட்காமல் தன் துண்டை நகர்த்தி வைத்தார். முதல் தடவை இடுப்பிலிருந்து கையை எடுக்கவே வேண்டாம். மெதுவாக நிமிர்ந்து, உடனே படுத்துவிடுங்கள்.

படி 7: எப்போது நிறுத்த வேண்டும்?

சூட்டில் தோலுக்கு அடியில் உள்ள இரத்தக் குழாய்கள் விரிந்து இரத்தம் அங்கே போகிறது, அதனால் குனிந்து சட்டென்று நிமிர்ந்தால் தலைக்குப் போகிற இரத்தம் சற்று நேரம் குறையும். லேசாகத் தலை சுற்றினால் மண்டியிட்டு உட்காருங்கள், தலையைத் தொங்கப் போடாதீர்கள். வாய் திறந்து மூச்சு வாங்கினாலும் உட்காருங்கள்.

தலைவலி தெறித்தால், வாந்தி வருகிற மாதிரி இருந்தால், அந்த அனலிலும் உடம்பு சிலிர்த்தால், வியர்ப்பது நின்றுபோனால், பேச்சோ நினைப்போ குழம்பினால் உட்காருவது போதாது. வெளியே போய்விடுங்கள், அங்கிருப்பவரிடம் சொல்லுங்கள். பக்கத்து மேட்டில் யாராவது உளறினாலோ சரிந்தாலோ டீச்சரை உடனே கூப்பிடுங்கள், வெப்பத் தாக்கு உயிரைப் பறிக்கக்கூடியது.

படி 8: முடிந்த பிறகு

கடைசி சவாசனத்தில் குறைந்தது ஐந்து நிமிடம் படுத்திருங்கள். பிறகு தண்ணீர் மட்டும் இரண்டு லிட்டர் குடிக்காதீர்கள், வியர்வையோடு உப்பும் போயிருக்கிறது. உப்புப் போட்ட நீர்மோர் ஒரு டம்ளர், இல்லையென்றால் உப்பும் சர்க்கரையும் சேர்த்த எலுமிச்சைச் சாறு. அப்புறம் ரசம் சாதம் சாப்பிட்டால் எனக்கு உடம்பு தெளிந்துவிடுகிறது.

எடை மெஷினில் ஏறினால் ஒரு கிலோ குறைந்த மாதிரி காட்டும். அது தண்ணீர், சாயங்காலத்துக்குள் திரும்பி வந்துவிடும், வரவும் வேண்டும். வியர்வையில் நச்சு எல்லாம் வெளியேறும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், அந்த வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் செய்துகொள்கின்றன. எனக்குக் கிடைத்தது வேறு: மூன்று மாதத்தில் கீழ்முதுகுப் பிடிப்பு விட்டது, குளிர்காலத்தில் படுத்ததும் தூக்கம் வருகிறது.

கனடா மாதிரி இடத்தில் இருப்பவர்கள் ஈரத்தோடு வெளியே ஓடாதீர்கள். பத்து நிமிடம் வரவேற்பறையில் உட்கார்ந்து, துணி மாற்றி, தலையைத் துவட்டித் தொப்பி போட்ட பிறகு போங்கள்.

உடம்பு சூட்டுக்குப் பழக ஒன்றிரண்டு வாரம் ஆகும், அதுவும் விட்டுவிடாமல் போனால்தான். ஆகவே இரண்டாவது கிளாஸை மூன்று நான்கு நாளுக்குள் வைத்துக்கொள்ளுங்கள், மூன்றாவதையும் அப்படியே. முதல் கிளாஸை மட்டும் வைத்து இது நமக்கு ஒத்துவருமா வராதா என்று முடிவு பண்ண வேண்டாம். அப்புறம், நனைந்த டவலைச் சுருட்டி கார் டிக்கியில் போட்டு மறந்துவிடாதீர்கள், வீட்டுக்குப் போன உடனே அலசி, மேட்டைத் துடைத்துக் காற்றாட விரித்துப் போடுங்கள்.