ஃபிளாஷில் வைத்த டேபிளை எடுக்கும்போது நடக்கும் தவறுகள்

காரைக்குடிக்குப் பக்கத்தில் ஒரு கோயிலுக்கு எல்இடி எழுத்துப் பலகை செய்து கொடுத்தோம். பூஜை நேரத்தோடு நகரத்தார் மரபின் ஒன்பது நகரக் கோயில்களின் பெயர்களும் அதில் ஓட வேண்டும். உள்ளே ஏடிமெகா328பி, அதாவது அர்டுயினோ ஊனோவில் இருக்கும் அதே சிப். பட்டறையில் 'நேமம்' என்று போட்டுப் பார்த்தபோது நன்றாக ஓடியது. கோயிலில் மாட்டிய பிறகு 'பிள்ளையார்பட்டி' வரும்போதெல்லாம் பலகை அணைந்து முதலிலிருந்து ஆரம்பித்தது. "சப்ளைதாண்ணே சரியில்லை" என்றார் கூட வேலை பார்க்கும் தம்பி. சப்ளையை மாற்றினோம். அதே பெயரில் மறுபடியும் ரீசெட்.

தவறு டேபிளை, அதாவது சிப்பில் வைத்த பெயர்ப் பட்டியலை, எடுத்த விதத்தில் இருந்தது. அதைச் சொல்வதற்கு முன், அடிப்படையான ஒன்று.

இந்தச் சிப்பில் ஃபிளாஷ் (புரோகிராம் தங்கும் நினைவகம்) 32 கிலோபைட், ரேம் (ஓடும்போது பயன்படும் நினைவகம்) வெறும் 2 கிலோபைட். இந்தச் சிப் சேர்ந்த ஏவிஆர் வகையில் இரண்டுக்கும் முகவரி வரிசை தனித்தனி. காரைக்குடியில் இரண்டு தெருவிலும் 300-ஆம் எண் வீடு இருக்கலாம். எண்ணை மட்டும் சொன்னால் தபால்காரர் எந்த வீட்டுக்குப் போவார்? பாயிண்டரும், அதாவது நினைவகத்தில் ஓர் இடத்தின் முகவரியை வைத்திருப்பதும், அப்படித்தான். அதில் எண் மட்டுமே இருக்கிறது, தெருப் பெயர் இல்லை. சாதாரணமாகப் படித்தால் கம்பைலர் (நாம் எழுதும் புரோகிராமைச் சிப்பின் மொழிக்கு மாற்றும் மென்பொருள்) ரேம் தெருவுக்குத்தான் போகும்.

பலர் முதலில் தடுக்கி விழுவது இங்கேதான். டேபிளுக்கு முன்னால் 'கான்ஸ்ட்' (மாறாதது என்ற குறிப்பு) போட்டால் அது ஃபிளாஷிலேயே தங்கிவிடும் என்று நினைக்கிறார்கள். இந்தச் சிப்பில் தங்காது. சிப் எழுந்தவுடன் முழு டேபிளும் ரேமுக்கு நகலாகிவிடும். 10 பிட் ஏடிசியின் (மின்னழுத்தத்தை எண்ணாக்கும் பகுதியின்) 1024 அளவுகளுக்கும் இரண்டிரண்டு பைட் வைத்து ஒரு வெப்பநிலை டேபிள் போட்டால் 2048 பைட். ரேம் மொத்தமும் அதற்கே சரி. ஃபிளாஷிலேயே இருக்க வேண்டுமென்றால் 'புரோக்மெம்' என்று சேர்த்து எழுத வேண்டும். அது பாதி வேலைதான். எடுக்கும்போது 'பிஜிஎம் ரீட் பைட்' குடும்பத்தைச் சேர்ந்த மேக்ரோவால் எடுக்க வேண்டும். வழக்கம்போல் சதுர அடைப்புக்குறி போட்டுப் படித்தால் கம்பைலர் எச்சரிக்கைகூடக் கொடுக்காது. ரேமில் அந்த எண்ணில் என்ன கிடக்கிறதோ அதைக் கொண்டுவந்து கொடுக்கும். பாலிடெக்னிக்கில் 8051 படித்தவர்களுக்கு இது புதிதல்ல. அங்கே 'மூவ்சி' என்ற தனி இன்ஸ்ட்ரக்‌ஷன் இருப்பது இதற்காகத்தான்.

பெயர் டேபிளில் இன்னொரு பொறி இருக்கிறது. இளையாற்றங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, இரணியூர், பிள்ளையார்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி: இந்த ஒன்பதையும் ஒரே பாயிண்டர் வரிசையாக எழுதி, கடைசியில் புரோக்மெம் போட்டுவிட்டால் ஃபிளாஷுக்குப் போவது பாயிண்டர்கள் மட்டும். ஒன்பதிரண்டு பதினெட்டு பைட். பெயர்கள் ரேமிலேயே உட்கார்ந்திருக்கும். யுடிஎஃப்-8-இல் (எழுத்துகளை பைட்டுகளாக வைக்கும் முறையில்) ஒவ்வொரு பெயரின் முடிவுச் சுழியத்தையும் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள், 282 பைட் வரும். ஒவ்வொரு பெயரையும் தனி வரிசையாக, தனித்தனிப் புரோக்மெம்மோடு அறிவித்து, அப்புறம்தான் அவற்றின் பாயிண்டர்களை டேபிளில் சேர்க்க வேண்டும். எடுக்கும்போதும் இரண்டு படி: முதலில் பாயிண்டரை ஃபிளாஷிலிருந்து படிக்க வேண்டும், பிறகு அது காட்டும் எழுத்துகளையும் ஃபிளாஷிலிருந்தே படிக்க வேண்டும்.

தம்பி இவ்வளவையும் சரியாகவே செய்திருந்தார். பெயரை 'எஸ்டிஆர்காப்பி பி' கொண்டு ஒரு பஃபருக்கு (ரேமில் தற்காலிக இடத்துக்கு) நகலெடுத்தார். பஃபர் 32 பைட். பிள்ளையார்பட்டி எட்டு எழுத்துதானே, தாராளமாகப் போதும் என்று கணக்கு. ஆனால் பி, ள், ளை, யா, ர், ப, ட், டி என்று நாம் எண்ணும் எட்டு எழுத்து, யுனிகோடில் புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனியாகப் பிரிந்து பதினைந்து குறியீடு. ஒவ்வொன்றும் மூன்று பைட். முடிவுச் சுழியத்தோடு 46. பஃபர் ஸ்டாக்கில் (திரும்பும் முகவரிகளும் இருக்கும் ரேம் பகுதியில்) இருந்ததால் வழிந்த பைட்கள் ஃபங்‌ஷன் திரும்பிப் போக வேண்டிய முகவரியையே அழித்துவிட்டன. அதனால்தான் ரீசெட். நேமத்துக்கு 16 பைட்தான், அதனால் பட்டறையில் பிடிபடவில்லை. ஒன்பதில் ஐந்து பெயர் 32-க்குள் அடங்கும், நான்கு அடங்காது. இப்போது நாங்கள் பஃபரே வைப்பதில்லை. ஒவ்வொரு பைட்டாக ஃபிளாஷிலிருந்து நேரே எடுத்துக் காட்டுகிறோம்.

தமிழுக்கே உரிய இன்னொரு தவறையும் சொல்லிவிடுகிறேன். தமிழின் ஒவ்வொரு குறியீடும் 224 என்ற பைட்டில் தொடங்கும். இந்தக் கம்பைலரில் எழுத்துக்கான 'சார்' வகை கூட்டல்-கழித்தல் குறி உள்ள வகை. 224 அதில் −32 ஆகிவிடும். 'இது 224-ஆ?' என்ற கேள்விக்கு எப்போதும் 'இல்லை' என்றே பதில் வரும், ஒரு தமிழ் எழுத்தும் தெரியாது. அதையே டேபிளுக்கு இன்டெக்ஸாக (வரிசை எண்ணாக) கொடுத்தால் டேபிளுக்கு முன்னால் உள்ள ஏதோ ஒன்றைப் படிக்கும். குறியில்லாத எட்டு பிட் வகையையே எழுதுங்கள். 16-க்கு 16 புள்ளியில் ஓர் எழுத்தின் உருவத்துக்கு 32 பைட். யுனிகோடின் தமிழ்ப் பகுதிக்குரிய 128 இடங்களுக்கும் உருவம் வைத்தால் 4096 பைட். ரேமைப் போல இரண்டு மடங்கு, ஃபிளாஷில் எட்டில் ஒரு பங்கு. கு, கூ போன்றவற்றுக்குத் தனி உருவம் சேர்த்தாலும் இடம் மிஞ்சும்.

எண் டேபிளில் அடிக்கடி பார்ப்பது, 16 பிட் எண்ணை பைட் மேக்ரோவால் படிப்பது. வெப்பநிலையைப் பத்தால் பெருக்கி வைத்திருக்கிறோம் என்று வையுங்கள். ஏசி அறையில் 24.0 டிகிரி, அதாவது 240. அது ஒரு பைட்டுக்குள் அடங்கும், சரியாகவே வரும். சித்திரை வெயிலில் 36.5 ஆனால் 365. கீழ் பைட் மட்டும் கிடைத்து 109, பலகையில் 10.9 டிகிரி. இரண்டு பைட்டையும் சேர்த்துப் படிக்கும் 'ரீட் வேர்ட்' போட்டிருந்தால் இந்தச் சிக்கலே இல்லை. சோதிக்கும்போது 255-ஐத் தாண்டிய மதிப்பு ஒன்றையாவது பாருங்கள். முழு 1024 மதிப்பும் வேண்டியதில்லை, 32-க்கு ஒன்றாக வைத்து நடுவில் கணக்கிட்டுக்கொள்ளலாம். ஆனால் கடைசி இடைவெளிக்கும் மறுமுனை வேண்டுமே, அதனால் 33 மதிப்பு வைக்க வேண்டும்.

ஃபங்‌ஷனுக்குள் டேபிள் எழுதினால் 'ஸ்டேட்டிக்' சேர்க்காமல் புரோக்மெம் செல்லாது. ஏடிமெகா2560-இல் 64 கிலோபைட்டைத் தாண்டிய டேபிளுக்கு 'ஃபார்' என்று முடியும் மேக்ரோ வேண்டும். எஸ்டிஎம்32 என்ற வேறு வகைச் சிப்பில் இந்தப் பாடு எதுவும் இல்லை, கான்ஸ்ட் போட்டாலே போதும்.

பழைய பிக் சிப்பில் அசெம்பிளி எழுதுகிறவர்கள் வேறொன்றைக் கவனிக்க வேண்டும். பிக்16எஃப்877ஏ போன்றவற்றில் டேபிள் என்பது ஒரு மதிப்போடு திரும்பும் 'ரெட்எல்டபிள்யூ' கட்டளைகளின் வரிசை; இன்டெக்ஸை பிசிஎல்லில் (அடுத்து ஓட வேண்டிய முகவரியின் கீழ் எட்டு பிட்டில்) கூட்டி அங்கே குதிக்கிறோம். அந்தக் கூட்டல் கீழ் எட்டு பிட்டோடு நின்றுவிடும். டேபிள் 256 இட எல்லையைக் கடந்தால், முகவரியின் மேல் பிட்களைத் தரும் பிசிலேத்தைச் சரிசெய்யாத புரோகிராம் வேறெங்கோ குதிக்கும். இன்று சரியாக ஓடும் டேபிள், நாளை மேலே நான்கு வரி சேர்த்ததும் கீழே நகர்ந்து எல்லையில் உட்கார்ந்துவிடும். தொடாத டேபிள் திடீரென்று கெட்டுப்போனால் முதலில் அதன் முகவரியைப் பாருங்கள்.

எல்லா டேபிளையும் ஃபிளாஷுக்குத் தள்ள வேண்டும் என்றும் இல்லை. ஏழு செக்மென்ட் எண்களுக்கான பத்து பைட்டை ரேமிலேயே விட்டுவிடுங்கள்.