ஜவ்வரிசி போல இருக்கும், உள்ளே பாக்டீரியா

சர்க்கரையை லாக்டிக் அமிலமாக்கும் பாக்டீரியாவை, கடற்பாசிப் பொருளான ஆல்ஜினேட்டால் ஆன சின்ன மணிகளுக்குள் அடைத்து வேலை வாங்கலாம். கல்லூரி ஆய்வகத்தில் முதல் தடவை நான் செய்த மணிகள், மறுநாள் காலையில் கஞ்சியாகக் கிடந்தன. பாக்டீரியாவின் மேல் தப்பில்லை. மணிகளை அப்படியே எம்ஆர்எஸ் பிராத்தில், அதாவது இந்த பாக்டீரியாவை வளர்க்கும் ஊட்டக் கரைசலில் போட்டது என் தப்பு. அதிலுள்ள பாஸ்பேட்டும் சிட்ரேட்டும் மணியைக் கட்டி வைத்திருக்கும் கால்சியத்தைப் பிடுங்கிக்கொள்ளும். அதனால் செல்களை வளர்க்க மட்டும் எம்ஆர்எஸ். மணிகளுக்கு வேறு கரைசல்.

2 கிராம் சோடியம் ஆல்ஜினேட்டை 100 மில்லி வெதுவெதுப்பான நீரில் கரையுங்கள். ஒரேயடியாகக் கொட்டினால் ரவை உப்புமா மாதிரி கட்டி தட்டிவிடும். கலக்கும் கருவி சுழலும்போது சுழியின் ஓரமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவ வேண்டும். (மண்டபம் பக்கம் கடலில் எடுக்கும் சர்காசம் பாசியிலிருந்து வருவதுதான் இந்தத் தூள்.) கிருமி நீக்கி, இரவு முழுக்க வைத்தால் காற்றுக்குமிழ்கள் போய்விடும்.

நம் பாக்டீரியாவான லாக்டோபேசில்லஸ் கேசியை எம்ஆர்எஸ்ஸில் 37 டிகிரியில் ஓரிரவு வளர்த்து, சென்ட்ரிஃபியூஜில் அடியில் படிந்த செல்களை 5 மில்லி உப்புநீரில் எடுங்கள். ஆறிய ஆல்ஜினேட்டில் 45 மில்லியோடு மெதுவாகக் கலந்து, சிரிஞ்சால் 2 சதவீத கால்சியம் குளோரைடு கரைசலில் சொட்டுச் சொட்டாக விடுங்கள். விழுந்த நொடியே உருண்டை பிடிக்கும். வால் முளைத்தால் சிரிஞ்சை இன்னும் கொஞ்சம் உயர்த்துங்கள். ஒரு மணி நேரம் ஊறட்டும். கழுவ பாஸ்பேட் பஃபர் வேண்டாம், கிருமி நீக்கிய நீர் போதும்.

இப்போது மணிகளைப் போட வேண்டிய கரைசல்: 100 மில்லிக்கு 5 கிராம் குளுக்கோஸ், 1 கிராம் ஈஸ்ட் எக்ஸ்ட்ராக்ட், 0.1 கிராம் கால்சியம் குளோரைடு, அப்புறம் முக்கியமாக 3 கிராம் சுண்ணாம்புக்கல் தூள், அதாவது கால்சியம் கார்பனேட். ஒரு குளுக்கோஸ் மூலக்கூறு இரண்டு லாக்டிக் அமில மூலக்கூறாகிறது. 5 கிராம் சர்க்கரைக்கு அதிகபட்சம் 5 கிராம் அமிலம். தான் சுரக்கும் அமிலத்திலேயே பாக்டீரியா முடங்கிவிடும். அந்த அமிலத்தைத் தணிக்கத்தான் இந்தத் தூள், கணக்குப்படி 2.8 கிராம் போதும். கரியமில வாயு கிளம்புவதால் குடுவையை இறுக மூடாதீர்கள், பஞ்சடைப்பே சரி. 37 டிகிரியில் இரண்டு நாள், லேசான ஆட்டம்.

"சார், டைட்ரேஷனில் (காரம் சொட்டி அமிலத்தை அளப்பதில்) அமிலமே வரவில்லை" என்று வருஷா வருஷம் ஒரு பிள்ளை வந்து நிற்கும். வராதுதான்! உருவானதெல்லாம் கால்சியம் லாக்டேட்டாகக் கிடக்கிறது. மிச்சமிருக்கும் சர்க்கரையை டிஎன்எஸ் முறையில், அதாவது சர்க்கரையோடு சேர்ந்து நிறம் மாறும் வினைப்பொருளால், 540 நானோமீட்டர் ஒளியில் பாருங்கள். சர்க்கரை எவ்வளவு இறங்கியது என்பது பாக்டீரியா வேலை செய்ததா என்று காட்டிவிடும்.

அமிலம் தனியாக வேண்டுமென்றால் கந்தக அமிலம் சேர்க்க வேண்டும், ஜிப்சம் அடியில் படியும். ஒரு கிலோ லாக்டிக் அமிலத்துக்குக் கிட்டத்தட்ட ஒரு கிலோ ஜிப்சம்! தொழிற்சாலைக்காரர்களின் பழைய தலைவலி இது. மாணவர்கள் இந்தக் கட்டத்தை ஆசிரியர் இல்லாமல் தொட வேண்டாம்.

மணிகளை வடிகட்டிக் கழுவி, புதுக் கரைசலில் மறுபடி போடலாம். எனக்கு நாலு தடவை வரை தாங்கின. இடையில் நிறுத்துவதானால், துளி கால்சியம் குளோரைடு கலந்த நீரில் குளிர்பெட்டியில் வையுங்கள். மறக்காமல் சீட்டு ஒட்டுங்கள். எங்கள் அட்டெண்டர் அக்கா ஒருநாள் அதைப் பார்த்துவிட்டு, பாயசத்துக்கு ஊற வைத்த ஜவ்வரிசியா என்று கேட்டார்.