வீட்டு ஹெச்டி வீடியோவுக்கு மெனு சேர்ப்பது எப்படி?

மூன்று மணி நேரக் கல்யாண வீடியோவில் தாலி கட்டும் இடத்தை ரிமோட்டை அழுத்தி அழுத்தித் தேடியவர்களுக்கு மெனுவின் அருமை தெரியும். பலர் எடுத்ததுமே பின்னணிப் படம், எழுத்து அலங்காரம் என்று இறங்கிவிடுகிறார்கள். முதல் வேலை அதுவல்ல, நேரம் குறிப்பதுதான்.

படி 1: நேரம் குறித்தல்
வீடியோவை ஓடவிட்டு ஒரு தாளில் எழுதுங்கள்: நலங்கு 00:04:10, மாப்பிள்ளை அழைப்பு 00:31:00, தாலி கட்டு 01:12:35. 'காட்சி 1, காட்சி 2' என்று பெயர் வைத்தால் யாருக்கும் உதவாது. தாலி கட்டுக்கு மட்டும் சில விநாடிகள் முன்பே குறியுங்கள். கெட்டிமேளம் தொடங்குவதிலிருந்து பார்க்கத்தான் எல்லோருக்கும் ஆசை.

படி 2: கோப்பாகவே வைத்துக்கொள்ள
எம்கேவி என்பது ஒரு வீடியோ கோப்பு வகை. அதில் சாப்டர் (காட்சிப் பிரிவு) பட்டியல்தான் மெனு. எம்கேவிடூல்நிக்ஸ் என்ற இலவச மென்பொருளில் வீடியோவைப் போட்டு எம்கேவியாக மாற்றுங்கள். அப்புறம் அதன் சாப்டர் எடிட்டரில் நேரத்தையும் பெயரையும் சேர்த்து, அதே கோப்பில் சேமியுங்கள். விஎல்சி பிளேயரில் பிளேபேக் மெனுவுக்குள் பட்டியல் வந்துவிடும். கணினியில் மட்டும் பார்ப்பவர்களுக்கு இதுவே போதும்.

படி 3: ப்ளூ-ரேக்குத் தயார் செய்தல்
டிவியில் பார்க்க ப்ளூ-ரே, அதாவது ஹெச்டி வீடியோவுக்கான டிஸ்க், வேண்டுமென்றால் இங்கேதான் கவனம் வேண்டும். நான் எரித்த (பதிவு செய்த) முதல் டிஸ்க்கில் படம் ஓடியது, சத்தம் வரவில்லை. காரணம், போன் வீடியோவில் இருப்பது ஏஏசி என்ற வகை ஒலி. ப்ளூ-ரே தரத்தில் அதற்கு இடமில்லை. ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் ஒலியை ஏசி3 என்ற வகைக்கு மாற்றுங்கள். போன் எடுக்கும் 1080பி (1920×1080 அளவு), விநாடிக்கு 30 ஃபிரேம் என்பதும் அந்தத் தரத்தில் இல்லை. 1280×720 அளவு, 59.94 ஃபிரேம், ஹெச்.264 என்ற வீடியோ சுருக்க முறையில் லெவல் 4.1 என்று வையுங்கள். அளவு குறைந்தாலும் அசைவு சீராக இருக்கும்.

படி 4: மெனு
மெனு செய்யும் மல்டிஏவிசிஹெச்டி மென்பொருள் விண்டோஸில் இலவசம். வீடியோவைச் சேர்த்து, சாப்டர் நேரங்களைக் கொடுத்து, மெனு வடிவத்தைத் தேர்ந்தெடுத்து, ப்ளூ-ரேயாக உருவாக்குங்கள். டிவிடிஸ்டைலர் நல்ல மென்பொருள்தான், ஆனால் அது செய்வது சாதாரண டிவிடி. ஹெச்டி தெளிவு போய்விடும்.

படி 5: எரித்தல்
டிஸ்க் எரிக்கும் இம்ஜ்பர்ன் மென்பொருளில் கோப்பு அமைப்பாக யூடிஎஃப் 2.50 என்று தேர்ந்தெடுங்கள். படி 4-ல் உருவான பிடிஎம்வி, சர்டிஃபிகேட் இரண்டு ஃபோல்டர்களும் டிஸ்க்கில் நேரடியாக இருக்க வேண்டும், வேறொரு ஃபோல்டருக்குள் போகக்கூடாது. முதலில் அழித்து எழுதக்கூடிய பிடி-ஆர்இ டிஸ்க்கில் எரித்து, டிவியில் ஒவ்வொரு பட்டனையும் ரிமோட்டால் அழுத்திப் பாருங்கள். எல்லாம் சரியாக இருந்தால் ஒருமுறை மட்டுமே எழுதக்கூடிய பிடி-ஆர் டிஸ்க்கை எடுங்கள்.