‘உறுதியளித்தார்’ என்று எழுத முன்: கடினமான கேள்வி கேட்கப் போகிறவர்களுக்கு

சென்ற மாதம் முல்லைத்தீவில் ஒரு மக்கள் சந்திப்பு. தகரக் கொட்டகை, பிளாஸ்டிக் கதிரைகள், வெள்ளைத் துணி விரித்த மேசை. மேசைக்குப் பின்னால் ஒரு பாராளுமன்ற உறுப்பினரும் இரண்டு பிரதேச சபை உறுப்பினர்களும். இந்தப் பக்கம் கைபேசியை உயர்த்திப் பிடித்தபடி ஆறேழு இளம் செய்தியாளர்கள். நன்றாகத் தயார்பண்ணி வந்திருந்தார்கள், பயமில்லாமல் கேட்டார்கள். ஒன்றரை மணித்தியாலம் கழித்து என் குறிப்புப் புத்தகத்தைப் பார்த்தேன். கேள்விகள் பதினொன்று இருந்தன. பதில் என்று ஒன்றுகூட இல்லை.

அவர்கள் விட்ட பிழைகள் எல்லாம் நானும் விட்டவைதான். போர் முடிந்து இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த மனிக்பாம் முகாமில் இருந்து ஊர் திரும்பிய 2010இல் எழுதத் தொடங்கினேன். யாரும் சொல்லித் தரவில்லை. பெயரைச் சரியாக எழுது, மரியாதையாகக் கேள் என்பவை உங்களுக்குத் தெரிந்தவை, அவற்றை விடுகிறேன். மற்றப் பிழைகளை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

ஒரே மூச்சில் மூன்று கேள்வி

அன்றைக்கு ஒரு தங்கச்சி எழுந்து, காணாமல் ஆக்கப்பட்டோருக்கு என்ன செய்தீர்கள், கேப்பாப்புலவில் மிச்சக் காணி எப்போது விடுபடும், எங்கள் ஊர் வீதி ஏன் இன்னும் போடவில்லை என்று கேட்டார். பதில் வீதிக்கு மட்டும் வந்தது. ஏழு நிமிடம் தார், ஒப்பந்தக்காரர், நிதி ஒதுக்கீடு. பிறகு “நல்ல கேள்வி தங்கச்சி, நன்றி.” அவரும் உட்கார்ந்துவிட்டார்.

ஏன் இப்படிக் கேட்கிறோம் என்று எனக்குத் தெரியும். இரண்டு பஸ் மாறி வருகிறோம், ஒலிவாங்கி ஒரு தரம்தான் கைக்கு வரும், கிடைத்ததில் எல்லாவற்றையும் கொட்டிவிட மனம் சொல்லும். ஆனால் மூன்றைக் கொடுத்தால் எதற்குப் பதில் சொல்வது என்று தெரிவுசெய்கிற உரிமையையும் சேர்த்துக் கொடுக்கிறோம். வர முன்னரே மூன்று பேராகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் ஆளுக்குப் பதில் வராவிட்டால் இரண்டாவது ஆள் தன் கேள்வியை விட்டுவிட்டு முதல் கேள்வியையே திரும்பக் கேட்க வேண்டும். இதற்கு மனம் வேண்டும். தன் ஊர்ப் பிரச்சினையை ஒரு நாள் தள்ளிப்போடுகிற மனம்.

‘ஏன்’ என்று தொடங்குவது

‘ஏன் செய்யவில்லை’ என்று கேட்டால் ஒரு கதை சொல்ல இடம் கிடைக்கிறது. ஒவ்வொரு தரப்புக்கும் ஒரு கதை தயாராக இருக்கிறது.

தமிழ்க் கட்சிகள் கேள்வியை மேலே கொண்டுபோகும். குளத்து வான்கதவு பற்றிக் கேட்பீர்கள். தமிழருக்கு அதிகாரம் பகிர்வதாகச் செய்த 1957 பண்டா - செல்வா ஒப்பந்தத்தில் தொடங்கி, 1965 டட்லி - செல்வா, 1987 பதின்மூன்றாம் திருத்தம் என்று வந்து, காணி அதிகாரம் இல்லாத மாகாண சபையில் நிற்கும். வடக்கு மாகாண சபையின் காலம் 2018 ஒக்ரோபரில் முடிந்தது, அதன் பிறகு தேர்தல் இல்லை என்றும் சொல்லுவார்கள். எல்லாமே உண்மை. வான்கதவு அப்படியே கிடக்கும்.

கொழும்பில் ஆட்சி செய்கிற கட்சிகள், யார் ஆட்சியில் இருந்தாலும், கேள்வியைக் கீழே இறக்கும். மகன் எங்கே என்று ஒரு தாய் கேட்டால் தையல் மெசினும் ஆடும் இழப்பீடும் பற்றிக் கதைப்பார்கள். அதிகாரிகள் பக்கத்துக்குத் தள்ளுவார்கள்: அது வனவளம், அது தொல்லியல், அது மகாவலி, அதைக் கொழும்பில்தான் கேட்க வேண்டும்.

‘எத்தனை’, ‘எந்தத் திகதி’, ‘யார் கையொப்பம்’ என்று தொடங்குகிற கேள்வியை இப்படி நகர்த்துவது கஷ்டம். வன்னி பற்றிக் கேட்கப்பட்ட கேள்விகளில் எனக்குப் பாடமாக இருப்பது மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு ஆண்டகை 2011 ஜனவரியில், போர் பற்றி விசாரிக்க அரசாங்கம் அமைத்த கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு முன் வைத்தது. கச்சேரிக் (மாவட்டச் செயலகக்) கணக்கின்படி 2008 ஒக்ரோபர் தொடக்கத்தில் வன்னியில் இருந்தவர்கள் 4,29,059 பேர். போர் முடிந்து அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்தவர்கள் 2,82,380 பேர். கழித்தால் 1,46,679. இவர்களுக்கு என்ன நடந்தது? அவ்வளவுதான் கேள்வி. எல்லோரும் இறந்துவிட்டார்கள் என்று அவர் சொல்லவில்லை. யாரையும் திட்டவில்லை. கச்சேரியின் எண்ணை வைத்துக் கழித்துக் காட்டினார். ஆண்டகை 2021இல் காலமானார். அந்தக் கழித்தலுக்கு இன்னும் கணக்குக் காட்டப்படவில்லை.

ஆள் மாறிக் கேட்பது

நாங்கள் வன்னி என்று சொன்னால் அதில் கிளிநொச்சியும் சேர்த்தி. வன்னித் தேர்தல் மாவட்டம் என்றால் மன்னார், வவுனியா, முல்லைத்தீவு மட்டும். கிளிநொச்சி யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் இருக்கிறது. கிளிநொச்சியில் இருக்கிற பரந்தன் பிரச்சினையை வன்னி எம்.பி.யிடம் கேட்டால் “அது என்ர மாவட்டம் இல்லை” என்று ஒரு வசனத்தில் முடித்துவிடுவார். 2024 பாராளுமன்றத் தேர்தலில் வன்னியின் 6 ஆசனங்களும் 5 கட்சிகளுக்குப் போயின. ஒருவர் மற்றவரைக் கைகாட்ட இதைவிட வசதி வேண்டாம்.

கேள்விகளை முதல் நாளே அனுப்புவது

அனுப்பாதீர்கள். கேட்டால் தலைப்பை மட்டும் சொல்லுங்கள்.

‘நடவடிக்கை எடுக்கப்படும்’ என்பதைப் பதிலாக எழுதுவது

இதைக் கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டும். இன்றைக்கும் காலையில் செய்தியைத் திறந்தால் இந்த வசனத்தைக் கண்டு எரிச்சல் வருகிறது.

சில வருடங்களுக்கு முன், ஒட்டுசுட்டான் பக்கம் ஒரு கிராமம். சண்டைக்கு முன் சனம் தோட்டம் செய்த மேட்டுக்காணிகள், இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்தபோது பற்றை பிடித்துக் கிடந்தன. பற்றை வளர்ந்ததைக் காடு என்று கணக்கெடுத்து ஒரு திணைக்களம் எல்லைக்கல் போட்டது. ஆட்சேபனை உள்ளவர்கள் குறித்த திகதிக்குள் எழுத்தில், ஆதாரத்துடன் கொடுக்க வேண்டும் என்று அறிவித்தல் ஒட்டியிருந்தார்கள். அந்த வாரமே அங்கே ஒரு கூட்டம் நடந்தது. வந்த அரசியல்வாதி, “ஒரு அங்குலக் காணியும் போக விடமாட்டன். அமைச்சரோட கதைச்சிட்டன், கல்லுகள் எடுக்கப்படும்” என்றார். சனம் கை தட்டியது. நான் செய்தி அனுப்பினேன். ‘எல்லைக்கற்கள் அகற்றப்படும்: எம்.பி. உறுதி’ என்று நான் போட்ட தலைப்போடே அடுத்த நாள் பத்திரிகையில் வந்தது. அறிவித்தலில் இருந்த திகதி பற்றி என் செய்தியில் ஒரு வரியும் இல்லை.

நான்கு மாதம் கழித்து வேறு அலுவலாக அந்த ஊருக்குப் போனேன். ஒரு அம்மா என்னை அடையாளம் கண்டு வீட்டுக்குக் கூப்பிட்டார். கணவரை 2009இல் இழந்தவர், இரண்டு பிள்ளைகள். உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் பையைக் கொண்டுவந்து திண்ணையில் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். குடும்ப அட்டை. அடையாள அட்டைப் பிரதிகள். 1980களில் அவருடைய தகப்பன் பெயரில் கொடுத்த காணி அனுமதிப்பத்திரம், ஒரு மூலையைக் கறையான் தின்றிருந்தது, மடிப்பில் கிழிந்து ஊசிநூலால் தைத்திருந்தார்கள். கடைசியாக என்னுடைய செய்தி. பத்திரிகையில் இருந்து நேராக வெட்டி, டவுனில் கொடுத்து லமினேற் பண்ணியிருந்தார். ‘உறுதி’ என்ற சொல்லுக்குக் கீழே நீலப் பேனையால் கோடு.

“நீங்கள் எழுதினதுதானே தம்பி. இதைக் காட்டினால் காணும் எண்டு இருந்திட்டன்.”

அவர் ஆட்சேபனை கொடுக்கவில்லை. கொடுத்தவர்களைக் கள ஆய்வுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். இவரைக் கூப்பிடவில்லை. நானும் அவரும் கந்தோருக்குப் போனோம். கோவையைப் புரட்டிய அலுவலர் சத்தம் போடவில்லை, சிடுசிடுக்கவுமில்லை. “உங்கட பெயரில ஒண்டும் இல்லையே அம்மா” என்றார். அந்த அம்மா லமினேற் பண்ணிய தாளை மேசையில் வைத்தார். அலுவலர் அதை வாசித்துவிட்டு, இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

பிந்திய ஆட்சேபனை ஒன்றைச் சேர்ந்து எழுதிக் கொடுத்தோம். இரண்டு காலபோகம் (பெரும்போக வெள்ளாண்மை) போனது. இதை எழுதும்வரை முடிவு வரவில்லை.

அந்த அரசியல்வாதியில் எனக்குக் கோபம் இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அவர் மேடையில் சொன்னதற்கு அச்சில் ஒரு பத்திரத்தின் தோற்றத்தைக் கொடுத்தது நான். ‘எடுக்கப்படும்’ என்று அவர் சொன்னபோது அடுத்த கேள்வியை நான் கேட்டிருக்க வேண்டும். செயப்பாட்டு வினையில் செய்கிற ஆள் மறைந்துவிடுகிறார், திகதியும் கூடவே போய்விடுகிறது. ‘கவனத்தில் எடுக்கப்பட்டுள்ளது’, ‘உரிய தரப்பினருடன் பேசப்படும்’, ‘மேலிடத்துக்கு அறிவிக்கப்பட்டுள்ளது’ எல்லாம் அந்த வகை. அவற்றைச் செய்வினைக்கு மாற்றிக் கேளுங்கள். யார் எடுப்பார்? எந்தத் திகதிக்கு முன்? அமைச்சருக்குக் கடிதம் கொடுத்தீர்களா, பிரதியை நாங்கள் பார்க்கலாமா? சொன்னால் அதுதான் செய்தி. சொல்லாவிட்டால் ‘எப்போது என்று கேட்டதற்குத் திகதி எதுவும் சொல்லவில்லை’ என்று எழுதுங்கள். அதுவும் செய்திதான். அதை யாரும் லமினேற் பண்ணி வைத்துக்கொண்டு காத்திருக்கமாட்டார்கள்.

அப்புறம், சனத்துக்குக் குறிக்கப்பட்ட கடைசித் திகதியைச் செய்தியில் போடுங்கள், முதல் பத்தியிலேயே. அரசியல்வாதி என்ன சொன்னாலும் கந்தோரின் நாட்காட்டி ஓடிக்கொண்டிருக்கும். 2025 மார்ச் 28 வர்த்தமானி ஞாபகம் இருக்கும். யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார் மாவட்டங்களில் ஏறத்தாழ 5,900 ஏக்கருக்கு, மூன்று மாதத்துக்குள் உரிமை கோராவிட்டால் அரச காணி என்றார்கள். எல்லோரும் அந்த மூன்று மாதத்தைப் பிடித்துக்கொண்டு கேட்டார்கள். கடல்கடந்து இருக்கிறவர்கள் எப்படி வருவார்கள், சுனாமியிலும் போரிலும் காணி உறுதிப்பத்திரம் தொலைந்தவர்கள் எதைக் காட்டுவார்கள் என்று கேட்டார்கள். பிறகு அரசாங்கம் அதை மீளப்பெற்றது.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்திலும் இப்படித்தான். 2016இன் 12ஆம் இலக்கச் சட்டம். தகவலைத் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் மேன்முறையீடு. அதிலும் சரிவராவிட்டால் 2 மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. “மேன்முறையீடு வேண்டாம், நானே கேட்டுத் தாறன்” என்று ஒரு பெரியவர் சொன்னால் நன்றி சொல்லிவிட்டு, மேன்முறையீட்டை அன்றைக்கே பதிவுத் தபாலில் போடுங்கள்.

ஒலிப்பதிவு

இரண்டு கைபேசி. ஒன்றில் சார்ஜ் இறங்கிவிடும்.

ஓரமாக நிற்கிற ஆளை மொழிபெயர்க்க விடுவது

விசாரணை அமர்வு ஒன்று. பெயர் வேண்டாம். வாசலில் நீண்ட வரிசை, உள்ளே ஒரு தாய். கேட்கிறவருக்குத் தமிழ் தெரியாது, ஓரமாக நின்ற ஒருவர் மொழிபெயர்த்தார். தாய் சொன்னது: “வட்டுவாகலில் என்ர கையால ஆமியிட்டக் குடுத்தனான். பஸ்ஸில ஏத்தும்வரைக்கும் பார்த்துக்கொண்டு நிண்டனான். எங்க வச்சிருக்கிறியள்?” சிங்களத்தில் போனது: போரின் கடைசிக் காலத்தில் இவருடைய மகன் காணாமல் போய்விட்டாராம், தேடித் தரச் சொல்கிறார்.

மொழிபெயர்ப்பில் கையால் கொடுத்தவரும் இல்லை, வாங்கியவரும் இல்லை. பஸ்ஸும் இல்லை. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் பரிவோடு தலையாட்டினார். அவருக்குச் சொல்லப்பட்ட விடயத்துக்கு அந்தத் தலையாட்டல் போதும். மொழிபெயர்த்தவர் கெட்ட எண்ணத்தோடு செய்தார் என்றும் நான் நினைக்கவில்லை, களைத்துப்போயிருந்தார். எனக்கு ஓரளவு சிங்களம் விளங்கும். விளங்கியும் அன்றைக்கு நான் எழுந்து சொல்லவில்லை. அது என் பிழை. இப்போது நாங்கள் கேள்வியைச் சிங்களத்திலும் எழுதி, கேட்கும்போதே கையில் கொடுத்துவிடுகிறோம். ‘காணாமல் போனோர்’ என்று எழுதுவதில்லை, ‘காணாமல் ஆக்கப்பட்டோர்’ என்று எழுதுகிறோம். கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயில் முன்றலில் 2017 பெப்ரவரி 20இல் போராட்டம் தொடங்கி உட்கார்ந்த தாய்மார் கேட்பதும் அதைத்தான்.

பதிலுக்குள் இருக்கிற கேள்வியைத் தவறவிடுவது

2020 ஜனவரியில் அன்றைய ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச, காணாமல் போனவர்கள் உண்மையில் இறந்துவிட்டார்கள் என்று ஐ.நா. பிரதிநிதியிடம் சொன்னார். பலரும் கண்டன அறிக்கை கேட்டு ஓடினோம். உங்களுக்கு எப்படித் தெரியும் என்றுதான் முதலில் கேட்டிருக்க வேண்டும்.

ஒரு பக்கத்திடம் மட்டும் கேட்பது

இதை எழுதக் கை தயங்கும். ஆனாலும் எழுத வேண்டும்.

அரசாங்கத்திடம் நாங்கள் கேட்கிறோம், கேட்கத்தான் வேண்டும். எங்கள் பக்கத்திடம் கேட்கும்போது குரல் இறங்கிவிடுகிறது. 1990 ஒக்ரோபரில் வடக்கில் இருந்து முஸ்லிம் மக்களைப் புலிகள் வெளியேற்றியது பற்றி மன்னாரில் வாக்குக் கேட்டு வருகிற தமிழ்க் கட்சியிடம் கேட்டிருக்கிறேன். “அதுதான் கவலை தெரிவிச்சாச்சே” என்பார்கள். திரும்பி வந்தவர்களுக்குக் காணி, வீடு என்று அடுத்த கேள்வி போட்டால் நேரம் போய்விட்டது என்பார்கள். கடைசிக் காலத்துக் கட்டாய ஆட்சேர்ப்பு இன்னும் கஷ்டம். ஐ.நா. மனித உரிமை அலுவலகத்தின் 2015 அறிக்கையில் இராணுவத்தின் மீறல்களோடு அதுவும் பதிவாகியிருக்கிறது. இங்கே ஒரு வேட்பாளரிடம் கேட்டபோது, “இது இப்ப கேக்கிற கேள்வியே?” என்றார். பக்கத்தில் நின்றவர் என் தோளில் கை வைத்து ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனார். இந்தக் கேள்வியைக் கேட்டால் தெற்கில் இருக்கிறவன் பயன்படுத்துவான் என்று விளக்கினார். அந்தப் பயம் பொய்யில்லை. நானும் பல வருடம் அதனால்தான் கேட்காமல் இருந்தேன்.

விசுவமடுப் பக்கம் ஒரு அம்மா. 2009 தொடக்கத்தில் பதினாறு வயது மகளை இழந்தவர். மகளின் பள்ளிக்கூடச் சப்பாத்து இன்னும் பரணில் இருக்கிறது, இறக்கிக் காட்டினார். பேசி முடித்து, நான் எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்டினேன். ‘மகள் இயக்கத்துக்குப் போனார்’ என்ற இடத்தில் கையைக் காட்டி நிறுத்தினார்.

“போகேல்லைத் தம்பி. கொண்டுபோனவை. அதை மாத்தி எழுதுங்கோ.”