பேட்டரியைத் தின்னாத புஷ் அறிவிப்பு: செய்முறை

செயலியில் ஃபயர்பேஸ் (அறிவிப்புகளைக் கைபேசிக்குக் கொண்டுசேர்க்கும் கூகுள் சேவை) இணைத்தாயிற்று, டோக்கனும் (ஒரு கைபேசியில் உள்ள செயலியின் முகவரி போன்ற குறியீடு) சர்வருக்கு வந்துவிட்டது என்ற இடத்திலிருந்து தொடங்குகிறேன்.

1. சர்வருடன் சொந்தமாக சாக்கெட் (எப்போதும் திறந்திருக்கும் இணைப்பு) திறந்து வைக்காதீர்கள். வைத்தால் எல்லாம் நம் கையில் இருக்கிறது என்ற நிம்மதி கிடைக்கும். ஆனால் அந்த இணைப்பு அறுந்துபோகாமல் இருக்க கைபேசியின் ரேடியோவை (சமிக்ஞை அனுப்பிப் பெறும் பகுதி) அடிக்கடி எழுப்ப வேண்டும். எல்லாச் செயலிகளுக்கும் பொதுவான ஓர் இணைப்பைக் கூகுள் பிளே சேவை ஏற்கெனவே காத்துவருகிறது. அது போதும்.

2. அனுப்பும் செய்திகளை இரண்டாகப் பிரியுங்கள். அழைப்பு, அரட்டை போல உடனே கண்ணில் பட வேண்டியவற்றுக்கு மட்டும் உயர் முன்னுரிமை. பட்டியலைப் புதுப்பிப்பது போன்ற மறைவான வேலைகளுக்குச் சாதாரண முன்னுரிமை.

நான் மூன்று நாள் திணறியது இங்கேதான். வேகமாகப் போகட்டும் என்று எல்லாவற்றையும் உயர் முன்னுரிமையில் அனுப்பினேன். பேட்டரி கரைந்தது, போகப்போக அரட்டைச் செய்திகளே தாமதமாக வரத் தொடங்கின. சர்வர் பதிவில் ஒரு பிழையும் இல்லை. உயர் முன்னுரிமையில் வந்த செய்தி திரையில் எதையும் காட்டாமல் முடிந்துகொண்டே இருந்தால், ஃபயர்பேஸ் அடுத்தடுத்த செய்திகளைச் சாதாரண நிலைக்கு இறக்கிவிடலாம். கடைசி 7 நாள் நடத்தையை வைத்து, ஒவ்வொரு சாதனத்திலும் உள்ள செயலிக்குத் தனித்தனியாக இதை முடிவு செய்கிறது. சத்தமில்லாத என் புதுப்பிப்புகள்தாம் அரட்டையின் இடத்தைப் பறித்திருந்தன.

இதைக் கண்டுபிடிக்க, செய்தி வந்து சேரும் இடத்தில் அனுப்பியபோது இருந்த முன்னுரிமை, வந்தபோது இருக்கும் முன்னுரிமை இரண்டையும் பதிவு செய்யுங்கள். இரண்டும் வேறுபட்டால் காரணம் இதுதான்.

3. கைபேசி கிடைக்காதபோது செய்தி எவ்வளவு நேரம் காத்திருக்கலாம் என்ற ஆயுட்காலத்தைக் குறியுங்கள். குறிக்காவிட்டால் செய்தி 4 வாரம் காத்திருக்கும். அழைப்புக்கு 0 வையுங்கள். அந்த நொடியில் சேராத அழைப்பு பிறகு வந்து பயனில்லை. ஒரே வகைப் புதுப்பிப்புகளுக்கு ஒரே சுருக்கச் சாவி (collapse key, புதியது வந்தால் பழையதை நீக்கச் சொல்லும் அடையாளம்) கொடுத்தால், தூங்கி எழும் கைபேசிக்குக் கடைசியானது மட்டும் போய்ச்சேரும். ஒரு சாதனத்துக்கு ஒரே நேரத்தில் 4 சாவிகளுக்கு மேல் செல்லாது.

4. ஐபோனில் மறைவான செய்திக்கு வகை 'பின்னணி' என்றும் முன்னுரிமை 5 என்றும் இருக்க வேண்டும். 10 கொடுப்பது பிழை. மணிக்கு இரண்டு மூன்றுக்கு மேல் அனுப்ப வேண்டாம் என்கிறது ஆப்பிள்.

5. சோதனைக்கு ஃபயர்பேஸ் இணையப் பலகையை நான் பயன்படுத்துவதில்லை. அறிவிப்பே இல்லாத, தரவு மட்டும் கொண்ட செய்தியை அதிலிருந்து அனுப்ப முடியாது. பத்து வரி ஸ்கிரிப்ட் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு ஏடிபி (கணினியிலிருந்து கைபேசிக்குக் கட்டளையிடும் கருவி) மூலம் கேபிள் கழன்றதுபோல் நடிக்க வைத்து, கைபேசியை டோஸ் (பேட்டரி சேமிக்கும் ஆழ்ந்த தூக்கம்) நிலைக்குத் தள்ளி, ஒவ்வொரு வகையையும் அனுப்பிப் பாருங்கள். டோஸ் ஆண்ட்ராய்டு 6 முதல் இருப்பதால் பழைய கைபேசியே போதும்.

பின்சேர்க்கை: சோதனைக்குப் பிறகு சார்ஜ் ஏறுவதாகவே காட்டவில்லை என்று சிலர் பின்னூட்டத்தில் எழுதியிருந்தார்கள். கேபிள் கழன்றதுபோல் நடிக்க வைக்கும் கட்டளையை நீங்கள் திரும்பப் பெறவில்லை. பேட்டரி ரீசெட் கட்டளையை ஓட்டுங்கள். பேட்டரிக் கட்டுப்பாட்டிலிருந்து விலக்கு அளிக்கும்படி பயனரிடமே கேட்கலாமா என்றும் ஒருவர் கேட்டிருந்தார். வேண்டாம். செயலியின் அடிப்படை வேலையே கெடும் என்றால் தவிர, அப்படி நேரடியாகக் கேட்பதைப் பிளே ஸ்டோர் விதிகள் அனுமதிப்பதில்லை. இரண்டாம் படியைச் சரியாகச் செய்தால் அரட்டைச் செயலிக்கு அந்த விலக்கு தேவைப்படாது.